நின்று தின்றால் ஐக்கியம் இல்லை

லோர்னாவின் கல்யாணம் சனிக்கிழமை. வியாழக்கிழமை காலை தொலைபேசி வந்தது. பெண்ணின் அப்பாவும் எங்கள் சபையின் போதகருமான வெர்லின் ஸ்டட்ஸ் என் அக்காள் புருஷன். அவர் ரிசீவரைப் பிடித்தபடி எழுந்து நின்றதுமே பேசுவது டாக்டர் ஹோபார்ட் கிரென்ஷா என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆளுநர் ஒருமுறை கூப்பிட்டபோதுகூட வெர்லின் உட்கார்ந்துதான் பேசினார்.

கல்யாணத்தை நடத்திவைக்க இருந்தவர் கிரென்ஷாதான். மலைக்கு அந்தப் பக்கம் அவர் நடத்தும் வேதாகமக் கல்லூரியில் வெர்லின் படித்தார். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர்கள் வருவது அங்கிருந்துதான், பிள்ளைகள் போவதும் அங்கேதான். கிழக்கு டென்னசியில் அவர் தும்மினால் சபைக்குச் சபை கைக்குட்டை எடுக்கும்.

இப்போது தும்மல் மாப்பிள்ளையின் அப்பாவைப் பற்றி. போதகர் ட்வைட் ஏம்ஸ் போன மாதம் ஒரு சுவிசேஷகரைத் தன் மேடையில் பேச விட்டாராம். அந்தச் சுவிசேஷகர் அட்லாண்டாவில் ஒரு மெதடிஸ்ட் பிஷப் பக்கத்தில் உட்கார்ந்தவராம். எங்கள் கணக்கில் மெதடிஸ்டுகள் வழி தவறியவர்கள், அவர்களோடு மேடை பகிரக் கூடாது.

"பிரிஞ்சு நிக்காதவன விட்டுப் பிரியாதவனையும் விட்டுப் பிரியணும் மச்சான்," என்றார் வெர்லின். நெற்றி வியர்த்திருந்தது. "சபை முன்னால ஏம்ஸ் தப்புன்னு ஒத்துக்கணும். இல்லேன்னா டாக்டர் வரமாட்டாரு. அதுக்கப்புறமும் நான் சம்பந்தம் பண்ணினா என்னையும் தள்ளி வச்சிருவாரு."

ஏம்ஸ் மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் வெர்லின் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்: ஏம்ஸ் கடைசி வரிசையில் உட்காரட்டும், யார் கண்ணிலும் படாமல். டாக்டருக்கும் அது சம்மதமாம். இதைப் பெண்ணிடம் சொல்ல என்னை அனுப்பினார். ஞாயிறுதோறும் சாத்தானைப் பேர் சொல்லித் திட்டுகிற மனிதர்.

விருந்துக் கூடத்தில் லோர்னா மேசைகளுக்குக் காகிதம் விரித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, "மாமா, கிரென்ஷாவுக்கு டாக்டர் பட்டம் யாரு குடுத்தா?" என்றாள்.

எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஏம்ஸ் சபைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு வேதாகமப் பள்ளி உண்டு; பட்டம் கொடுத்தது அதுதான். மறு மாதமே கிரென்ஷாவின் கல்லூரி ஏம்ஸை டாக்டராக்கியது. பெண் கொடுத்துப் பெண் எடுப்பதுபோல் பட்டம் கொடுத்துப் பட்டம் எடுத்தார்கள். பிறகு கிரென்ஷா வெர்லினுக்கும் ஒன்று கொடுத்தார்.

"ஏம்ஸ் கை தீட்டுன்னா அந்தக் கை குடுத்த பட்டம் என்னவாம்? அப்பாகிட்ட கேளுங்க. அப்புறம் இதையும் சொல்லிடுங்க, எங்க மாமனாருக்குக் கடைசி வரிசைன்னா நானும் கடைசி வரிசைதான். கல்யாணத்த அங்க வந்து நடத்தட்டும்."

சொன்னேன். வெர்லின் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த தன் பட்டத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"பிரதர் கிரென்ஷா," என்று ஆரம்பித்தார். அந்தப் பெயருக்கு முன்னால் 'பிரதர்' வந்து நான் கேட்டதில்லை. "இல்லீங்க, டாக்டர்னுதான் சொல்ல வந்தேன். அது ஏம்ஸ் குடுத்த பட்டமாச்சே, இனிமே சொல்லலாமா கூடாதான்னு தெரியல. நீங்கதான் சொல்லணும்."

குத்திக்காட்டவில்லை, நிஜமான பயத்தில் கேட்டார். அதனால்தான் உறைத்தது. ஏம்ஸ் எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும், சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லி கிரென்ஷா போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை கிரென்ஷா வந்தார். ஏம்ஸ் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க, அவர் தலைக்கு மேலே பார்த்தபடி கல்யாணத்தை நடத்தி முடித்தார். வம்பு விருந்தில் வந்தது. அப்படிப்பட்டவனோடு புசிக்கவும் கூடாது என்று வசனம் இருக்கிறதே. டாக்டர் பன்றித்தொடைக் கறியைத் தட்டில் வாங்கிக்கொண்டு சுவரோரம் நின்று சாப்பிட்டார். நின்று சாப்பிட்டால் அது ஐக்கியம் ஆகாது என்று அருகிலிருந்தவர்களுக்கு விளக்கமும் தந்தார். கொஞ்ச நேரத்தில் வந்திருந்த போதகர்கள் அத்தனை பேரும் தாடைக்கடியில் தட்டோடு எழுந்து நின்றார்கள். மேசையில் மணமக்கள், ஏம்ஸ் தம்பதி, என் அக்காள்.

வெர்லின் நடுவில் நின்றார். தட்டு சாய்ந்திருந்தது. உருளைக்கிழங்கு சாலட் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

"அப்பா, சட்டையில கொட்டப்போவுது," என்றாள் லோர்னா. "உக்காருங்க."

அவர் கிரென்ஷாவைப் பார்த்தார். கிரென்ஷா மெல்லுவதை நிறுத்தியிருந்தார். வெர்லினின் முழங்கால் மடங்கியது, பாதியில் நின்றது, கொஞ்சம் மேலே வந்தது. பிறகு மகள் பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. நானும் உட்கார்ந்தேன். எனக்குக் கால் வலி. அதை வீரம் என்று யாரும் எழுதிவைக்க வேண்டாம்.

திங்கட்கிழமை காலை கிரென்ஷாவிடமிருந்து தொலைபேசி வந்தது. வெர்லின் ரிசீவரை எடுத்து, "சொல்லுங்க," என்றார். எழுந்து நிற்கவில்லை. ஒரு கையால் மட்டும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.