வெந்த ஈரல்

"நாளைக்குத் தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கறியே ஆகாது. அதுவும் ஃபாதர் முன்னாடி ஈரலா?" என்று கணவன் சகாய ஆண்டனி சிரித்தான்.

"திங்கவா போறோம்? ஒன்பதாம் வகுப்புக்கு நொதி பாடம். சோதனைக் குழாய்ல மருந்து ஊத்தி ஈரல் துண்டு போட்டா நுரைச்சுப் பொங்கும். பழசு குடுத்து ஏமாத்திருவான், புதுசாப் பாத்து வாங்கிட்டு வாங்க. எனக்கு எந்திரிக்கக்கூட முடியல."

யூஜினியா சொன்னது மெய்தான். பங்குப் பள்ளியில் பல வருடங்களாகத் தற்காலிக ஆசிரியை. இரண்டு பேர் பார்க்க வேண்டிய வகுப்புகளை ஒருத்தியாகப் பார்க்கிறாள். நிரந்தர இடம் ஒன்று இப்போதுதான் காலியாகியிருந்தது. விடிந்தால், தாளாளர் தைரியநாதன் ஃபாதர் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டு, அந்த இடம் அவளுக்கா என்று முடிவு செய்யப் போகிறார்.

ஆண்டனி கடைக்குப் போய் வருவதற்குள், திருத்தின விடைத்தாள் மேலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள். காலையில் அவன் டப்பாவைப் பையில் வைத்துக் கொடுத்தான். "பத்திரமா இருக்கு, ஓடு, பஸ் போயிரும்." ஓடினாள்.

வகுப்பில் கடைசி பெஞ்சில் ஃபாதரும், அவர் பக்கத்தில் தலைமையாசிரியை ஆன் மேரி சிஸ்டரும் உட்கார்ந்திருந்தார்கள். யூஜினியா நொதி என்றால் என்ன என்று சொல்லி முடித்தாள்.

"நம்ம உடம்புலயே ஹைட்ரஜன் பெராக்சைடுன்னு ஒண்ணு உண்டாகும். அது தங்குனாக் கெடுதி. ஈரல்ல இருக்கிற கேட்டலேஸ்ங்கிற நொதி அதைத் தண்ணியாவும் ஆக்சிஜனாவும் பிரிச்சிரும். பிரிச்சுட்டு நொதி அப்படியே இருக்கும், அடுத்த வேலைக்குப் போயிரும். எவ்வளவு வேலை செஞ்சாலும் தேயாது."

"உங்கள மாதிரியா டீச்சர்?" என்றாள் முதல் பெஞ்சு பெல்சி.

"டீச்சர் தேய்வாங்க."

ஃபாதர்கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் அவள் டப்பாவைத் திறந்தாள்.

மஞ்சள் வாசம் வந்தது. கருஞ்சிவப்பாக வழுவழுவென்று இருக்க வேண்டிய ஈரல், சாம்பல் நிறத்தில் இறுகி, ஓரமெல்லாம் மஞ்சள் ஏறிக் கிடந்தது.

கறி என்று எது வீட்டுக்குள் வந்தாலும் மஞ்சள் தூள் போட்டு ஒரு கொதி விட்டுத்தான் வைப்பார்கள். ஃப்ரிட்ஜ் வேறு கெட்டுக் கிடந்தது. புதுசாக வாங்கி வாருங்கள் என்று சொன்னவள், பச்சையாகவே வையுங்கள் என்று சொல்லவில்லை.

டப்பாவை மூட முடியாது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெராக்சைடு ஊற்றியிருந்த குழாயில் ஒரு துண்டைப் போட்டாள். அது அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"பொங்கலையே டீச்சர்."

"பொங்காது."

"ஏன் டீச்சர்?"

"வெந்து போச்சு."

சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். யூஜினியா ஜன்னலுக்குப் போய், எதிரே இருந்த சத்துணவுக்கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"காளியாயி அக்கா, பச்சை உருளைக்கிழங்கு ஒண்ணு தருவீகளா?"

"இப்ப வந்து கேக்குறீகளே டீச்சர்! எல்லாம் உலையில வேகுது."

"ஒண்ணுகூட இல்லையா?"

"முளைவிட்டது ஒண்ணு கிடக்கு. பிள்ளைகளுக்கு ஆகாதுன்னு ஒதுக்கிப் போட்டேன்."

"அதைக் குடுத்துவிடுங்க."

பெல்சி ஓடிப்போய் வாங்கி வந்தாள். யூஜினியா கிழங்கை நறுக்கிக்கொண்டே கேட்டாள், "வெந்த முட்டையைத் திரும்பவும் உடைச்சு ஊத்த முடியுமா?"

"முடியாது டீச்சர்."

"நொதியும் அந்த மாதிரிதான், புரதம். அதுக்குன்னு ஒரு உருவம் இருக்கு, அந்த உருவம் இருந்தாத்தான் வேலை செய்யும். கொதிக்க வச்சா உருவம் கலைஞ்சிரும். இந்த ஈரல்லயும் நொதி இருந்துச்சு, கொதியில கலைஞ்சு போச்சு. இந்தக் கிழங்குலயும் அதே நொதி இருக்கு, ஆனா இது பச்சை. இப்பப் பாருங்க."

இன்னொரு குழாயில் போட்ட கிழங்குத் துண்டின் ஓரங்களில் பொடிப்பொடியாகக் குமிழி கட்டியது. ஈரல் என்றால் குழாய்க்கு வெளியே வழிந்திருக்கும். இது மெதுவாகத்தான் ஏறியது. குழாயின் வாயைக் கட்டைவிரலால் கொஞ்ச நேரம் மூடி வைத்திருந்துவிட்டு, ஏற்றி வைத்திருந்த ஊதுபத்தியை உள்ளே விட்டாள். தணல் பளீரென்று சிவந்தது.

"ஆக்சிஜன்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

மணி அடித்து அவர்கள் போனதும், ஃபாதர் மேசைக்கு வந்து இரண்டு குழாய்களையும் தூக்கிப் பார்த்தார்.

"வெந்தது ஒண்ணு, வேகாதது ஒண்ணு. நல்ல யோசனை. வேணும்னே வேக வச்சுக் கொண்டு வந்தீங்களா டீச்சர்?"

அவர் பின்னால் நின்ற சிஸ்டர், ஆமாம் என்று சொல் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"இல்லை ஃபாதர். வீட்டுக்காரர் வேக வச்சுட்டாரு. நான் திறந்து பாக்காமக் கொண்டு வந்துட்டேன்."

"ஓ," என்று குழாய்களை வைத்தார்.

சாயங்காலம் சிஸ்டர் அழைத்துச் சொன்னார். "பாடம் நல்லா இருக்காம். முன்தயாரிப்பு போதாதாம். இந்த வருஷம் இப்படியே ஓடட்டும், அடுத்த வருஷம் பாப்போம்னுட்டாரு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமே, யூஜினியா?"

"சொல்லியிருக்கலாம் சிஸ்டர். அப்புறம் பாடக்குறிப்புல எழுதியிருக்கான்னு கேப்பாரு. ஏன் உருளைக்கிழங்கு கேட்டு ஜன்னல்ல நின்னு கத்துனீங்கன்னு கேப்பாரு. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு ஜோடிக்கணும். எனக்கு அதுக்குத் தெம்பு இல்லை."

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்தாள். ஆண்டனி வாசலிலேயே நின்றான்.

"என்ன ஆச்சு? பொங்குச்சா?"

"உருளைக்கிழங்கு பொங்குச்சு."

"ஈரல்?"

"கொதிக்க வச்சீகளே, எப்படிப் பொங்கும்?"

அவன் முகம் வாடிப்போனது. "கெட்டுப்போயிரும்னுதான் யூஜி... நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

"நல்லதுக்குத்தான்." செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"வேலை?"

"அடுத்த வருஷம் பாப்பாங்களாம்."

அவன் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். பையிலிருந்த டப்பாவை எடுத்து, திறக்காமல், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"இதை என்ன செய்ய?"

"இன்னைக்கு ஆகாது. இன்னொரு கொதி விட்டு வைங்க, நாளைக்கு மிளகு போட்டு வறுக்கலாம்," என்று கண்ணை மூடிக்கொண்டாள். "அடுத்த வருஷம் ஈரல் வாங்க நானே போறேன்."