சும்மாட்டுத் தலைக்கு ஒரு ஹெட்போன்

என் டிரான்சிஸ்டருக்கு ஒச்சம்மாள் கெடு வைத்துவிட்டாள். ஒச்சம்மாள் என் பெண்டாட்டி. விடியுமுன்னே எழுந்து ஒத்தக்கடை பஸ் நிறுத்தத்தில் இட்லி விற்கிறவள். அதனால் விளக்கு வைத்ததும் படுத்துவிடுவாள். நானோ அரிசி ஆலையில் மூட்டை தூக்கிவிட்டு அதற்கப்புறம்தான் வீடு வந்து சேருகிறவன். இருப்பது ஒரே அறை. ரேடியோ பாடினால் அவளுக்குத் தூக்கமில்லை. பாடாவிட்டால் நான் எதுக்கு வீட்டுக்கு வருகிறேன் என்றே எனக்குத் தெரியாது.

"இன்னொரு தடவ இது என்னைய எழுப்பட்டும். வார ஞாயித்துக்கெழம பேயாண்டிட்டத் தூக்கிக் குடுத்துருவேன்."

பேயாண்டி அவள் தம்பி. சோழவந்தானில் கொடிக்கால் வேலை. வரும்போதெல்லாம் வெற்றிலையை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணை ரேடியோ மேல் வைத்துக்கொண்டு நலம் விசாரிக்கிற பாசக்காரன்.

ரேடியோவோடு சும்மா கொடுத்த ஒத்தைக் காதுக் குமிழ் ஒன்று இருந்தது. சொருகினால், காதுக்குள் எறும்பு புகுந்து செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். சரி, நாமும் பெரிய மனுசன் ஆவோம் என்று, ஆலையிலிருந்து அப்படியே கோரிப்பாளையம் பஸ் ஏறினேன்.

ரேடியோக் கடை நூருல் அமீன் பாய் மூன்று ஹெட்போனை எடுத்துப் போட்டார். அட்டையில் ஒரு எழுத்துத் தமிழ் இல்லை. தமிழையே தலை நரைத்த பிறகுதான் கூட்டிப் படித்தேன். இங்கிலீசுக்கு இன்னொரு தலை நரைக்க வேண்டும்.

"இது சிங்கப்பூர் சரக்குண்ணே."

மாட்டினேன். கொசுக் கச்சேரி.

"பாட்டு எங்க பாய்?"

"நைசான சவுண்டுண்ணே அது."

நைசுதான். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத நைசு.

இரண்டாவதில், பாடகர் கிணற்றுக்குள் விழுந்து ஆளைக் கூப்பிடுவதுபோல் கேட்டது. பக்கத்தில் நின்ற ஆபீஸ்காரர், "அதுக்குப் பேருதான்யா பேஸ்" என்று விளக்கினார். கிணற்றுக்குள் கிடப்பவருக்கும் யாராவது விளக்கியிருப்பார்கள்.

மூன்றாவதில் மொத்தமான ரெக்சின் மெத்தை. மாட்டியதும் கோரிப்பாளையம் பஸ் சத்தமெல்லாம் செத்தது. பாட்டு மட்டும் உயிரோடிருந்தது. ஆனால் நெற்றிப்பொட்டு இரண்டும் நெரிந்தது.

"ஒங்களுக்குத் தலை பெருசுண்ணே!" என்றார் பாய். எங்கள் ஆலை முதலாளி வாயில் இதுவரை வராத பாராட்டு. உலோகப் பட்டையை முழங்காலில் வைத்து அமுக்கி விரித்தார். "இப்பப் பாருங்க."

அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. தலையை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. விலையைக் கேட்டதும் வந்த கிறுகிறுப்பிலும் அசையவில்லை.

வீட்டில் ஒச்சம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். கைகால் கழுவிவிட்டு, தலையில் சுற்றியிருந்த சும்மாட்டுத் துண்டை அவிழ்த்துக் கொடியில் போட்டேன். மூட்டையைத் தாங்குவதற்காகக் காலையில் கட்டுகிற துண்டு. பகல் முழுக்க இருந்து இருந்து, அது தலையா துண்டா என்பதே எனக்கு மறந்துபோகும்.

ஒயரைச் சொருகி, சத்தத்தைத் தாராளமாக ஏற்றி, ஜமீன்தார் மாதிரி சுவரில் சாய்ந்தேன். ஹெட்போன் நெற்றியில் இறங்கி, மூக்கைத் தடவி, மடியில் விழுந்து, போகிற போக்கில் ஒயரையும் பிடுங்கிக்கொண்டது. உடனே ரேடியோ தன் சொந்த வாயைத் திறந்து, நெற்பயிருக்குப் பூச்சிமருந்து அடிக்கும் முறையை ஒத்தக்கடை முழுவதற்கும் எடுத்துச் சொன்னது.

நான் பாய்ந்து அணைப்பதற்குள் ஒச்சம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மடியில் கிடந்ததைப் பார்த்தாள். என் வெறுந்தலையைப் பார்த்தாள். கொடியில் கிடந்த துண்டைப் பார்த்தாள்.

"அதக் கட்டிக்கிட்டேவா போட்டுப் பாத்து வாங்குனீக?"

"பழக்கத்துல..."

"திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே?"

"பட்டைய வளைச்சாச்சு. இனி வாங்க மாட்டாரு."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன், சிரிப்பு. எழுந்து துண்டை எடுத்தாள். "குனிங்க." மாவுப் பானை வாய்க்குத் துணியால் வேடு கட்டுகிற இறுக்கத்தில் தலையைச் சுற்றி, ஹெட்போனை மேலே மாட்டிவிட்டாள்.

"வீட்டுல இத அவுத்தீக, ரேடியோ சோழவந்தானுக்குப் போயிரும்."

படுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பேயாண்டி வந்தான். கெடு விஷயம் எப்படியோ அவன் காதுக்குப் போயிருக்கிறது. புதுப் பையோடு வந்திருந்தான். நான் மூட்டையில்லாத சும்மாட்டோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னவோ கேட்டான். பையைக் காட்டினான். ரேடியோவைக் காட்டினான்.

"ஒண்ணும் கேக்கல மாப்ள" என்று தலையை ஆட்டினேன்.

அசையவில்லை.