வட்டத் துணிகள்

கத்தரிக்கோலின் வாயிலிருந்து வட்டம் வட்டமாகத் துணி விழுகிறது, ஐந்து பிராங்க் காசை வைத்துக் கோடிழுத்து வெட்டிய துண்டுகள், தேன்மெழுகும் ஒலிவ் எண்ணெயும் உருக்கிய கிண்ணத்துக்குள் போய், தகர டப்பாவுக்குள் போய், கடைசியில் அருளம்பலத்தின் துவக்குக்குள் போகிற துண்டுகள், பதினொரு வருடமாக மங்களேஸ்வரி கண்ணை மூடினால் இதுதான், திறந்தால் எதிரே அவர், சுவிஸின் ஓர் ஏரிக்கரை ஊரில், மூன்றாம் மாடி ஜன்னலோரக் கதிரையில், தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க இரண்டு கையும் போதாமல் இருக்கிற அவளுடைய புருஷன்.

அந்தக் கைகள் அப்போது நடுங்கியதில்லை, உணவகத்தில் கோப்பை கழுவிக் கழுவி வெடித்துப்போன கைகள்தான், ஆனாலும் கல்லுப்போல நிற்கும், கூட வேலைசெய்த சமையல்காரன் வால்ட்டர் ஒரு சனிக்கிழமை அவரைத் தங்கள் ஊர்ச் சுடுகழகத்துக்குக் கூட்டிப்போனான், குழல்வாய் வழியாக வெடிமருந்து போட்டு இடிக்கிற பழங்காலத் துவக்குகள், எங்கட ஊர் இடியன் துவக்கு மாதிரித்தானப்பா, ஆனா குழலுக்குள்ள சுருள்சுருளா வெட்டியிருக்கு என்று சின்னப்பிள்ளைபோல வந்து சொன்னார், மருந்தைக் கொட்டி, குழல்வாயில் துணியை விரித்து, அதன்மேல் ஈயக் குண்டை வைத்துக் கம்பியால் இறக்கவேண்டும், துணிதான் அந்த வெட்டுகளைக் கவ்விக்கொண்டு குண்டைச் சுழற்றி அனுப்பும், துணி சரியென்றால் ஐம்பது மீற்றரில் ஐந்து குண்டும் ஒரே ஓட்டைக்குள் போகும், தனிப் பருத்தியா இருக்கோணும், கஞ்சி போக மூண்டுதரம் தோய்க்கோணும், நைலோன் கலந்தா உருகிப்போம், பிறகு குண்டு எங்க போகுமெண்டு கடவுளுக்கும் தெரியாது. முதல் வருடம் அவள் வெட்டிய துணியின் தடிப்பை அளந்து பார்த்தார், பிறகு விட்டுவிட்டார், நீ வெட்டினதை நான் ஏன் அளக்கோணும் மங்களம்.

பதினொரு வருடத்துக்கு முந்திய மாசியில் ஊரிலிருந்து தொலைபேசி வருகிறது, அவளுடைய தம்பி சிவநேசனை வீட்டுப் படலையடியில் வைத்துச் சுட்டுப்போட்டார்களாம், யார் சுட்டது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை, அதன்பிறகு சனிக்கிழமைகளில் அவர் சட்டையில் வந்த மருந்து மணம் அவளுடைய சோற்றிலும் தலையணையிலும் ஏறிவிட்டது, கடதாசியில ஓட்டை போடுற துவக்கு, ஆரையும் கொல்லாது என்று அவர் சொல்கிறார், அது அவளுக்கும் தெரியும். இனிப் போகாதேங்கோ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொன்னால் அந்த நிமிடமே விட்டிருப்பார், அதற்குத்தான் பயந்தாள், மூன்று இடத்தில் வேலைசெய்கிற மனுசனுக்கு இருந்த ஒரே சந்தோசத்தைப் பறித்தவளாக இருக்க அவளுக்கு விருப்பமில்லை, துவக்கே அவரைக் கைவிட்டுவிட்டால் ஒருவர் மேலும் பழியில்லை, ஆகவே அதே வெள்ளையில், அதே தடிப்பில், நைலோன் கலந்த துணி வாங்கினாள், கை கூசாமல் முப்பது வட்டம் வெட்டினாள்.

வைகாசியில் போட்டி, அவள் பின்வரிசை வாங்கில் சாப்பாட்டுப் பையோடு இருக்கிறாள், முதற்குண்டு கறுப்பு வட்டத்துக்கு வெளியே, இரண்டாவது கடதாசியிலேயே இல்லை, அருள், மூச்சை மெல்ல விடு என்கிறான் வால்ட்டர், அவர் துவக்கைப் பார்க்கவில்லை, தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், வழக்கமாகச் சுட்டு முடிந்ததும் புல்லில் விழுந்த துணிகளைப் பொறுக்கி, எது எரிந்தது எது கிழிந்தது என்று சாத்திரம் பார்ப்பவர், அன்றைக்குத் தலை குனிந்து காருக்குப் போய்விட்டார், அவள்தான் போய்ப் பொறுக்கினாள், ஓரமெல்லாம் உருகிக் கறுத்து, நடுவில் ஓட்டை விழுந்த துணிகள், கைப்பைக்குள் திணித்துக்கொண்டு வந்து குப்பையில் போட்டாள். அடுத்த கிழமை துவக்கை வால்ட்டருக்கே கொடுத்துவிட்டார், அதன்பின் சனிக்கிழமை வந்தால் ஜன்னலோரம் இருப்பார், பேனை பிடித்தாலும் சவரக்கத்தி பிடித்தாலும் விரலைச் சந்தேகமாகப் பார்ப்பார், ஆறு வருடம் கழித்து நடுக்கம் உண்மையாகவே வந்தது, அது வேறு நோய், வயதில் வருவது என்று வைத்தியர் சொன்னார், மங்களேஸ்வரி நம்பவில்லை.

இன்று காலை தேத்தண்ணி மடியில் ஊற்றுப்பட்டது, அவள் துடைக்கக் குனிந்தபோது அவர் சொன்னார், இந்த நடுக்கம் அண்டைக்கே தொடங்கீட்டுது, அந்தப் போட்டியிலயே கை காட்டித்தந்தது, எனக்குத்தான் விளங்கேல்லை. துவாய் அவள் கையிலேயே நின்றது. இஞ்சேருங்கோ, அது கை இல்லை, துணி, நான்தான் நைலோன் துணி வெட்டித் தந்தனான், தம்பியை நினைச்சு அந்த மணத்தைத் தாங்கேலாமல், தெரிஞ்சுதான் செய்தனான். ஏசுவார் என்று காத்திருந்தாள், ஏசட்டும் என்றே காத்திருந்தாள். அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். அப்ப அண்டைக்கு என்ர கை நடுங்கேல்லையோ? இல்லை. உண்மையாவோ? சத்தியமா இல்லை. அவர் முகம் மலர்ந்தது, அந்த மலர்ச்சியை அவளால் பார்க்க முடியவில்லை, இந்த ஒரு வசனம்தான் அவருக்கு வேண்டியிருந்தது, பதினொரு வருடம் அதைத் தன் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

வால்ட்டருக்கு எடு என்றார், அவர் விரலுக்கு எண்கள் அகப்படாது, அவள் அழுத்தி அவர் காதோடு பிடித்தாள், அவர் தன் உடைந்த ஜெர்மன் மொழியில் உரத்துச் சொல்கிறார், வால்ட்டர், அந்தப் போட்டி ஞாபகமிருக்கோ, கை இல்லையடா, துணி, துணியில நைலோன் கலந்து கிடந்திருக்கு, மறுமுனையில் வால்ட்டர் சிரிப்பதும், உன் மனைவிதானே எப்போதும் வெட்டித்தருவாள் என்று கேட்பதும் அவளுக்கும் கேட்டது. அருளம்பலம் அவளைப் பார்க்காமல், இல்லை, அந்தமுறை மட்டும் கடையில வாங்கினனான் என்றார்.