மச்சினனுக்காக ஒரு சைக்கிள்

விவாகரத்துப் பத்திரத்தில் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. சோபா அவளுக்கு, துணி துவைக்கும் மெஷின் அவளுக்கு, அலமாரியும் பழைய மவுண்டன் பைக்கும் அவருக்கு. மச்சினன் யாருக்கு என்று மட்டும் எந்த வக்கீலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பல்செட்காரர் அலமாரியை விட்டுக்கொடுத்துவிட்டு அவனை எழுதி வாங்கியிருப்பார்.

பல்செட்காரர் என்றால் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, மாடி அறையில் தனியாக உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் வாய்க்கெல்லாம் பல் செய்து கொடுப்பவர். முடியளவு மேடு இருந்தாலும் அவர் விரல் கண்டுபிடித்துவிடும். அந்தச் சாமர்த்தியம் பேச்சில் மட்டும் கிடையாது. பதினொரு வருடக் குடித்தனத்தில் மனைவியிடம் பேசியதைவிட அவள் தம்பியிடம் பேசியதுதான் அதிகம். பிரிந்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ, யார் கண்டது.

கல்யாணமான வருடமே மாமனும் மச்சினனும் ஒரே மாதிரி இரண்டு மவுண்டன் பைக் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வாசலில் மணி அடிக்கும். "மாமா, எந்திரிச்சாச்சா, இல்ல மூஞ்சியில தண்ணி தெளிக்கவா?" என்று கேட்டுக்கொண்டு அவன் நிற்பான். ஏரியைச் சுற்றிப் போகும் ஜல்லிப் பாதையில் ஏறிவிட்டால் போதும், வாரம் முழுக்க வாயைத் திறக்காத மனிதர் "மாப்ள, மாப்ள" என்று ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் அளப்பார்.

பிரிந்த பிறகு அவன் சண்டைக்கு வரவில்லை. வருவதை நிறுத்திக்கொண்டான், அவ்வளவுதான். அதாகிப் பதினான்கு மாதம். இவரும் போன் செய்யவில்லை. செய்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? மாப்ள என்று கூப்பிட உறவு இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட நா எழவில்லை. இரண்டு தடவை எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் பயந்துபோய் வைத்துவிட்டார்.

ஒரு நாள் மாடி அறை ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தார். கிராவல் பைக்கில் போய்க்கொண்டிருந்தான். ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், மெலிந்த டயர், தார் ரோட்டிலும் ஜல்லியிலும் ஒரே வேகத்தில் பறக்கிற ஜாதி. இன்னமும் ஏரிக்குத்தான் போகிறான் என்பது திசையிலேயே தெரிந்தது. பக்கத்தில் ஒரு பத்து நிமிடம் ஓட்டக் கிடைத்தால் போதும், அவன் வாயிலிருந்து ஒரு தடவை 'மாமா' வந்துவிடும் என்று பல்செட்காரருக்குத் தோன்றியது. அந்த வார்த்தை இன்னும் தனக்கு உண்டா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும். ஆனால் தடித்த டயரும் முன்னால் ஸ்பிரிங்கும் உள்ள தன் பழைய எருமையை வைத்துக்கொண்டு அவனோடு ஓட முடியாது. சரி, எருமையையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார்.

சோபா இருந்த இடத்தில் செய்தித்தாளை விரித்து, எட்டு சாயங்காலம் வேலை நடந்தது. ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு ஆடாத ஃபோர்க் போட்டார். டயரை மாற்றினார். வளைந்த ஹேண்டில்பாரை அதற்குரிய புது பிரேக் லிவரோடு மாட்டினார். அது முன்னால் நீளும், முதுகு தாங்காது. அதனால் அதைப் பிடிக்கும் கழுத்துத் துண்டைக் குட்டையாகத் தேடிப் பிடித்துப் போட்டார். வீல் கம்பிகளைத் திருகித் திருகி, இம்மி கோணல் இல்லாமல் சுற்ற வைத்தார். பிரேக் லிவரை அழுத்திப் பார்த்தார். பழைய பிரேக்கின் ரப்பர் கட்டைகள் போய் ரிம்மைத் தொட்டன. தொட்டதும் திருப்தியாகிவிட்டார். ஹாலுக்குள் நிற்கிற வண்டியில் பிரேக்கை வேறு எப்படிச் சோதிப்பது? வேலை செய்த எட்டு நாளும் அவர் யாரோடும் பேசவில்லை. சைக்கிளோடு மட்டும் கொஞ்சம் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிப் பாதைக்குப் போனார். தற்செயலாகப் பார்த்ததுபோல "அட, நீயா!" என்று சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தார். சரிவின் உச்சியில் நின்றபோது கீழே மரத்தடியில் அவன் தெரிந்தான். கூட ஒருவர், நெட்டையாக, அதே மாதிரி சைக்கிளோடு. பல்செட்காரர் வண்டியைச் சரிவில் விட்டார்.

பாதிச் சரிவில் பிரேக்கை அழுத்தினார். லிவர் ஹேண்டில்பாரைத் தொடும்வரை வந்தது. வண்டி நிற்கிற வழியைக் காணோம். மனப்பாடம் செய்ததெல்லாம் காற்றில் போயிற்று.

"மாப்ள! மாப்ள! தள்ளு!" என்று கத்திக்கொண்டே இருவரையும் தாண்டிப் போய் ஒரு புதரில் விழுந்தார்.

மச்சினன் ஓடி வந்து தூக்கினான். முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டான். "எங்கயும் அடிபடலையே? காலை நீட்டுங்க பாப்போம்." பிறகு சைக்கிளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "நம்ம மவுண்டன் பைக்கா இது! நீங்களே மாத்துனீங்களா?"

"ஆமா."

"வீல் என்னமா ஓடுது. ஆனா பிரேக்குல கோட்டை விட்டுட்டீங்களே. இந்த லிவர் கம்பியைக் கொஞ்சூண்டுதான் இழுக்கும், அந்தப் பழைய பிரேக்குக்கு அது எந்த மூலைக்கு? நடுவுல குட்டியா ஒரு உருளை வைக்கணும். இருங்க, வீடு போய்ச் சேர்ற அளவுக்குக் கட்டையை ரிம்முக்குப் பக்கத்துல நகத்தி வைக்கிறேன்."

மண்டியிட்டு உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தான். விரலெல்லாம் கறுப்பு. பல்செட்காரருக்கு முழங்கை எரிந்தது, மனசு குளிர்ந்தது. 'நம்ம' என்றானே. இன்னும் அந்த வார்த்தை வரவில்லை, வந்துவிடும், அவசரப்படக் கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

"டயர்லயும் காத்து கம்மியா இருக்கே," என்றான் அவன். தலையை நெட்டையர் பக்கம் திருப்பி, "மாமா, அந்தப் பம்பைக் கொஞ்சம் எடுங்களேன்" என்றான்.

நெட்டையர் பம்பை எடுத்துக் கொடுத்தார்.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. காது மடல் சிவந்தது. அக்கா புருஷனைத் தவிர வேறு யாரையும் அவன் மாமா என்று கூப்பிட்டதில்லை. அது பல்செட்காரருக்குத் தெரியாதா? அவள் மறுபடி கல்யாணம் செய்துகொண்ட செய்தி அவருக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

நெட்டையர் நல்ல மனிதர் போல. தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். "நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே பழக்கமா? மாப்ளன்னு கூப்பிட்டீங்களே."

மச்சினன் நிமிரவில்லை. இறுகியிருந்த திருகையே இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தான். அவன் முதுகைப் பார்க்கப் பல்செட்காரருக்குப் பாவமாக இருந்தது. இந்தப் பையனை இக்கட்டில் மாட்டிவிடவா எட்டு சாயங்காலம் உழைத்தோம் என்று தன் மீதே கோபம் வந்தது.

"சும்மா தெரிஞ்சவங்க சார்," என்றார். "இந்தப் பக்கம் ஓட்ட வர்றப்போ பாத்துக்கறதுண்டு. நான் எல்லாரையும் மாப்ளன்னுதான் கூப்பிடுவேன், கெட்ட பழக்கம்."

மச்சினன் எழுந்தான். சைக்கிளை அவர் கையில் கொடுத்தான். கண்ணைப் பார்க்கவில்லை.

"இப்ப அழுத்திப் பாருங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பிடிக்குதா… சார்?" என்றான்.

அழுத்திப் பார்த்தார்.

"நல்லா பிடிக்குது சார்," என்றார்.

இருவரும் ஏறிப் போனார்கள். அவர் வீட்டுக்கும் அதே பாதைதான். அவர்கள் பின்னாலேயே போக மனம் வராமல், கண்ணுக்கு மறையும்வரை மரத்தடியில் நின்றிருந்தார்.