மூன்றாவது லினக்ஸ்

அக்காவுக்குப் பேச்சு நின்று நான்கு வருடமாகிறது. நோய் உடம்பு முழுவதையும் எடுத்துக்கொண்டு கண்களையும் வலது கட்டைவிரலையும் மட்டும் விட்டு வைத்திருந்தது. அந்த விரலுக்கு அடியில் ஒரு பெரிய பொத்தான். லேப்டாப் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும்போது வேண்டியதில் அழுத்துவாள். சேர்ந்த வார்த்தையை லேப்டாப் வாய்விட்டுச் சொல்லும். ஒரு வரிக்குப் பத்து நிமிடம் ஆகும். ஆனாலும் பம்பு மெக்கானிக்கான தம்பியைத் திட்டுவதில் அவள் ஒரு குறையும் வைத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்து பார்த்தார். மூச்சு இறங்கிக்கொண்டே வருகிறது, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தால் இயந்திரம் மூச்சு விடும், வைக்காவிட்டால் சில நாள்தான் என்றார். "முடிவு அவங்களுது. வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வரேன், கேட்டு வைங்க."

புதன் காலையில் லேப்டாப் படுத்துவிட்டது. நீலத் திரை வந்தது, பிறகு அதுவும் வரவில்லை.

தம்பி அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவ்வளவு பழையதைச் சரிசெய்யப் பாகம் கிடைக்கவில்லை. புதிய கம்ப்யூட்டர் வாங்கினாலும் அதில் அந்தப் பொத்தானைச் செருக முடியாது. ஒன்பது முள் கொண்ட பழைய செருகி அது. மாற்று இணைப்பு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். டாக்டர் வருவதோ மறுநாள்.

வீட்டுக்கு வந்து அக்காவின் முகத்துக்கு நேரே குனிந்தான். மேலே பார்த்தால் ஆமாம், கண்ணை மூடினால் இல்லை.

"குழாய் வைக்கலாமாக்கா?"

மேலே பார்த்தாள். அவனுக்கு உயிர் வந்தது. உடனே கண்ணை மூடினாள். மறுபடி கேட்டான். மறுபடி ஆமாம், மறுபடி இல்லை. தாளில் எழுத்துகளை எழுதி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். 'நா' என்றாள், 'ன்' என்றாள். அதற்குள் இமை தானாகத் தொங்கியது. எது இல்லை, எது அசதி என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அவள் கண்ணோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டு வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றான்.

கீழ்வீட்டு கேபிள்காரர்தான் யோசனை சொன்னார். "ஹார்ட் டிஸ்க் போயிருக்கு மாப்ளே, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல பல வகை. பென்டிரைவ்லேருந்தே ஓடும். ஆனா இந்தக் கிழத்துக்கு ஒரு ஜிபிதான் மெமரி. லேசானதா பாத்துப் போடணும்."

வியாழன் காலையில் இருவரும் உட்கார்ந்தார்கள். எல்லோரும் லேசானது என்று புகழ்ந்த ஒன்றை முதலில் ஏற்றினார்கள். ஒரே வரியில் கைவிரித்தது: இது பழைய முப்பத்திரண்டு பிட் இயந்திரம், இதில் நான் ஓடமாட்டேன். இரண்டாவது மிகச் சிறியது, கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. மெக்கானிக் கேபிள்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டான். ஆனால் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பழைய செருகியைக் கவனிக்கும் பகுதியை அதில் சேர்க்கவேயில்லை. அதனால்தான் அவ்வளவு சிறியது.

மணி இரண்டே கால்.

"அண்ணே, டாக்டர் வந்தா நான் என்ன சொல்றது? நானா முடிவு பண்ணி கையெழுத்துப் போட முடியுமா?"

கேபிள்காரர் மூன்றாவதை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். அலங்காரம் ஏதும் இல்லாதது, சாம்பல் நிறத் திரை, ஆனால் பழைய இயந்திரங்களுக்கென்றே செய்தது. எழுத்துகளை ஒளிரவிடும் நிரலையும் தமிழ்க் குரலையும் அதில் ஏற்றி முடிக்க மூன்றேகால் ஆனது. கேபிள்காரர் சோதனைக்கு 'வணக்கம்' என்று தட்டியதும் ஒரு கரகரத்த ஆண் குரல் அதைச் சொன்னது. பொத்தானைச் செருகி அக்காவின் விரலடியில் வைத்தார்கள். எழுத்துகள் நொண்டி நொண்டி ஒளிர்ந்தன. விரல் அழுத்தியது. 'யா' நின்றது.

"யார் இவன்" என்றது லேப்டாப், அதே ஆண் குரலில்.

மெக்கானிக் சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "அதான் கிடைச்ச குரல்க்கா. பொறுத்துக்கோ. குழாய் பத்திச் சொல்லு."

டாக்டர் வந்து நாற்காலியில் அமர்ந்த பிறகும் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க நிறுத்தினாள், தப்பான எழுத்தை அழித்தாள். நாலு இருபதுக்குக் குரல் வந்தது.

"நான் போதும்னு சொல்ற அன்னைக்கு எடுப்பீங்கன்னா வைங்க. தம்பி சரின்னு சொல்லணும்."

டாக்டர் தலையசைத்தார். "அது உங்க உரிமை. எழுதிடறேன்." அக்காவின் கண்கள் அவரிடம் போகவில்லை.

மெக்கானிக் எழுந்து கட்டிலருகே வந்தான். கேட்காதது போல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சரிக்கா" என்று முணுமுணுத்தான். அவள் அவனையே பார்த்தாள். இன்னொரு தரம், கேட்கும்படி சொன்னான்.

ஆம்புலன்ஸ் ஆறு மணிக்கு வந்தது. லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறிய மெக்கானிக் டிரைவரிடம் முதலில் கேட்டது இதுதான்: "அண்ணே, உள்ள பிளக் பாயின்ட் எங்க இருக்கு?"