வலது பக்கத்துக் காட்டர் பின்

ஊர் சைக்கிளை எல்லாம் பழுது பார்க்கிற மோகனுக்குத் தன் பெண்டாட்டி சைக்கிளின் சத்தத்தை மட்டும் நிறுத்த முடியவில்லை. ஜமுனாமரத்தூர் கடைத்தெருவுக்கு இதைவிட வேறென்ன வேடிக்கை வேண்டும்? சாயங்காலம் கோகிலவாணி அங்கன்வாடி வேலை முடிந்து வரும்போது, அவள் தலை தெரிவதற்கு முன்பே கிறீச், கிறீச் என்று சைக்கிள் வந்துவிடும். எதிர் டீக்கடைச் சிங்காரம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்.

"இன்னா மோகனு, ஒங்க வூட்டு சைக்கிளுக்கு ஒடம்பு சரியில்லியா? நல்ல மெக்கானிக்கா பாத்து காட்டுப்பா."

மோகன் விடாக்கண்டன். கிராங்க் என்கிற பெடல் தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கிற சின்ன இரும்புத் துண்டுக்குக் காட்டர் பின் என்று பெயர். அது தேய்ந்தால் கிராங்க் கத்தும். அதனால் இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டான். பத்து நாள் அமைதி, பிறகு பழைய கதை. அச்சைக் கழற்றிப் பேரிங் குண்டுகளை மாற்றி, கிரீஸை அள்ளி அப்பினான். செயினை இறக்கிவிட்டுக் கையால் சுற்றினால் வாயே திறக்கவில்லை. அவன் ஏறி ஓட்டினாலும் பூனை மாதிரி போயிற்று. அவள் ஏறி மிதித்தால்தான் கத்தல், அதுவும் வலது பெடல் கீழே இறங்கும்போது மட்டும்.

"நீ மிதிக்கிறதுதான் சரியில்ல" என்றான் ஒருநாள் கடுப்பில்.

ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பித் தருகிறவள், "வுடு மாமா, கத்துனா கத்திட்டு போவுது" என்று உள்ளே போய்விட்டாள். சண்டைக்கு வராத கோகிலவாணியை அவன் பார்த்ததே இல்லை.

அன்றைக்குப் பின்களைத் தட்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். இரண்டும் ஒரே நாளில் போட்டவை. வலது பின் நசுங்கித் தேய்ந்து கிடந்தது. இடது பின்னில் பாக்கெட்டிலிருந்து எடுத்த பளபளப்பு இன்னும் போகவில்லை. இரண்டு கால் இருக்கிற மனுஷி ஓட்டுகிற சைக்கிளில் இது எப்படி நடக்கும்?

புதுப் பின்னைப் போட்டுவிட்டு, மறுநாள் காலை கடையைத் திறக்காமல் அவள் கூடவே கிளம்பினான். அங்கன்வாடி நாலு கிலோமீட்டர் தள்ளி, மேட்டுக்கு மேல். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ஏற்றத்தில் அவள் மெதுவாக மிதிக்க, இவன் பக்கத்தில் நடந்தான். இந்த முறை கிராங்கைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான். மலை முழுவதையும் வலது கால்தான் மிதித்தது. இடது கால் பெடல்மேல் சும்மா இருந்து கூடச் சுற்றி வந்தது.

"எறங்கு."

ரோட்டோரப் பாறையில் அவளை உட்கார வைத்துப் புடவையை முட்டிவரை விலக்கினான். இடது முட்டி வீங்கியிருந்தது.

"எத்தினி நாளா?"

"ஆடி மாசத்துலேர்ந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேலைய வுடுன்னுவ." அவள் புடவையை இழுத்து முட்டியை மூடினாள். "மூணு வருசம் அலைஞ்சி வாங்குன வேலை மாமா. அந்த புள்ளைங்க என்னிய டீச்சருன்னுதுங்க. வுட சொல்லாத மாமா."

உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தை மோகனின் நாக்கு நுனிவரை வந்துதான் இருந்தது. அவள் முந்திக்கொண்டதும் அவனுக்கு வெட்கமாகப் போயிற்று. பார்வையைத் திருப்பினான். சைக்கிள் சீட்டு கண்ணில் பட்டது.

அவள் ஓட்டப் பழகியபோது அதை அடிவரை இறக்கிவிட்டவன் அவன்தான். கால் தரையில் ஊன்ற வேண்டும், விழுந்துவிடக் கூடாது என்று அவ்வளவு பயம். பழகி முடித்த பிறகு ஏற்றிவிட வேண்டும் என்று தோன்றவே இல்லை. புளி உலுக்கப் போய் விழுந்து எப்போதோ அடிபட்ட முட்டி அது. அதை மடக்கி மடக்கியே தினமும் மேடு ஏறியிருக்கிறாள். மூன்று மாதமாகக் கிராங்கைக் குடைந்த மகா மெக்கானிக், ஒரு முழம் மேலே கண்ணைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"நான்தான்டி ஒன் முட்டிய கெடுத்தவன்" என்றான். சட்டைப் பையிலிருந்த ஸ்பேனரை எடுத்துச் சீட்டை நாலு விரல் உயர்த்தி இறுக்கினான். "சாயந்தரம் ஆஸ்பத்திரிக்கி போறோம். முட்டி செரியாவுற வரைக்கும் நான் மிதிக்கிறேன். பின்னாடி குந்து."

"அப்ப வேலை?"

"வேலைக்குத்தான் போறோம். மணி ஆவுது, குந்துங்க டீச்சரு."

முதல் திருப்பம்வரை பேசிக்கொண்டே போனான். இரண்டாவதில் பேச்சு நின்றது. மூன்றாவதில் தொடை இரண்டும் வெடவெடத்தன, மூச்சு வாங்கியது. ஒரு காலை ஊன்றி நின்றான்.

"இந்த மேட்டையா ஒத்தக் கால்ல ஏறிக்கினு இருந்த?"

அவன் முதுகுச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூன்று மாத வலியையும் சேர்த்துக் கோகிலவாணி வாய்விட்டு அழுதாள். அவன் திரும்பவில்லை, அவள் அழுது முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டு, மறுபடி மிதித்தான்.