சண்டைக்காரர் பிடிக்கும் கயிறு

எங்கள் பிளாக்கின் தெருப்பக்கச் சுவரில் தினமும் சாயங்காலம் ஆடுகிறோம். இடுப்பில் கயிறு, பாதம் சுவரில், தலை தெருவை நோக்கி. மொட்டைமாடியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்வார். ஆடுபவருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லையோ, அவர்தான் பிடிக்க வேண்டும். சொந்தக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். சண்டைக்காரர் கண்ணை எடுக்க மாட்டார்.

என் கயிறு சகாயம் அக்கா கையில். தண்ணீர் மோட்டார் விஷயத்தில் எங்களுக்குள் பேச்சு நின்று வெகுகாலம் ஆகிறது. நான் விழுந்ததே இல்லை.

வரும் வியாழக்கிழமை பிளாக்கை இடிக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள், நாங்கள் ஆடும் இடத்திலேயே. அதன்மீதே ஆடினோம். மறுநாள் அதில் எழுத்துகள் இல்லை. கால்விரல்கள் இருந்தன.

வியாழனன்று நகரச் சீரமைப்பு வாரியத் தலைவர் குணசீலராஜன் மேளதாளத்தோடு வந்தார். இடிக்கும் முன் கலைக்கு மரியாதை செய்ய வேண்டுமாம். குத்துவிளக்கு ஏற்றினார். சுடர் பக்கவாட்டில் எரிந்தது. அதைக் கண்டித்துவிட்டு, தானும் சுவரில் ஆடிப் படம் எடுத்துக்கொள்ளப்போவதாக அறிவித்தார்.

உதவியாளர் மைக்கில் அவருடைய பட்டங்களை வாசித்தார். கலைச்செம்மல். பிளாக் ஒரு மாடி உயர்ந்தது. நடனப் பேரொளி. இன்னொரு மாடி. புது மாடிகளில் அப்போதே துணி காய்ந்துகொண்டிருந்தது. விதிப்படி மேலிருந்துதான் இடிக்க வேண்டும். இடிக்க வந்த இயந்திரத்தின் கை எட்டவில்லை.

தலைவர் படியேறினார். தன் பட்டங்கள் ஒவ்வொன்றிலும் நின்று மூச்சு வாங்கினார். மொட்டைமாடியில் அவர் இடுப்பில் கயிறு கட்டி, எங்கள் வழக்கத்தைச் சொன்னேன்.

"எனக்கு இங்க யாரோடயும் சண்டை இல்லப்பா. எல்லாரும் என் குடும்பம்."

"எனக்கு இருக்கு சார்," என்று சகாயம் அக்கா கயிற்றை எடுத்தாள். அவளுக்குப் பின்னால் பிளாக் முழுவதும் வரிசை கட்டியது. நான் அவளுக்கு அடுத்து நின்றேன். "மோட்டார் கதைய அப்புறம் பேசிக்கலாம். நல்லா புடி," என்றாள் என்னிடம்.

இறக்கினோம். கல்யாண மண்டபத்து வாசலில் செருப்பைத் தேடுபவர் போல ஆடினார். படம் எடுத்தார்கள். போதும், தூக்குங்கள் என்றார்.

"நோட்டீஸ கிழிச்சிடலாமா சார்?" என்று அக்கா கேட்டாள்.

"அது அரசாங்க முடிவும்மா. கலை வேற, அது வேற."

"அப்ப சண்ட தீரல."

கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

கீழிருந்தாவது இடிக்கச் சொல்லி அவர் கத்தினார். சுவரில் தலைவரே நிற்கும்போது எப்படி இடிப்பது என்று இயந்திர ஓட்டுநர் கேட்டார். எஞ்சினை அணைத்துவிட்டுச் சோற்று டப்பாவைத் திறந்தார். புது மாடிகளிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் ஏறி வந்தார்கள். எதுவும் கேட்காமல் கயிற்றின் வாலைப் பிடித்தார்கள். அவர்களுக்கும் அவரோடு சண்டைதான்.

சாயங்காலம் முறை வைத்து ஆடினோம், அவரைச் சுற்றி. அவர் போட்டிருந்த பொன்னாடை அவ்வப்போது எங்கள் முகத்தில் பட்டது.

தலைவருடைய மனைவி போன் செய்து, பயமாக இருக்கிறது என்றார். பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். அவர் விழவே மாட்டார். எங்களுக்கு அவர்மேல் அவ்வளவு கோபம்.